சுத்தமான பஞ்சு

என்னுடைய எட்டுப் பஞ்சுகளில், எதுவுமே இருக்கக்கூடாத பஞ்சில்தான் எல்லாமே இருந்தது.

மேடம் முடிவுத்தாளை ஒருமுறை பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். பிறகு வகுப்பிலிருந்த பதினோரு பேருக்கும் கேட்கும்படி, "வரிசையைத் தலைகீழா எழுதிட்டீங்களா?" என்றார்.

"இல்ல மேடம். மூணு தடவை சரிபார்த்தேன்."

"அப்போ உங்க தெருவுலயே அழுக்கான பொருள் உங்க பிளாங்க்தான். இத்தனை வருஷத்துல இப்படி ஒண்ண நான் பார்த்ததில்ல."

பின் வரிசையில் பெயின்ட் கடைக்காரர் சிரித்தார். அவருடைய பிளாங்க் பளிச்சென்று இருந்தது. நாள் முழுக்கப் பெயின்ட் டப்பாக்களுக்கு நடுவே நிற்கும் மனிதருக்கு!

பிளாங்க் என்றால் என்ன என்று முதலில் எழுதிவிடுகிறேன், எனக்கே இன்னொருமுறை தெளிவாகும். எங்கள் மாலை வகுப்பில் நீடித்த கரிம மாசுகள் என்று ஒரு பாடம். பழைய டிரான்ஸ்ஃபார்மர்களில் ஊற்றி வைத்திருந்த குளோரின் கலந்த எண்ணெய், தடைசெய்யப்பட்ட சில பூச்சிமருந்துகள், குப்பை எரியும்போது உண்டாகும் சில நச்சுகள் எல்லாம் ஒரே குடும்பம். மேடம் அவற்றைப் பற்றிப் பேசினால், பெட்டியோடு வந்து இறங்கிவிட்ட உறவினரைப் பற்றிப் பேசுவதுபோல இருக்கும். "மக்காது, கரையாது, கெடாது. காத்துல வரும், மண்ணுல உட்காரும், உடம்புல கொழுப்பு எங்க இருக்குன்னு பார்த்துக் குடியேறும். போன்னு சொன்னா போகாது."

ஆளுக்கொரு தெருவை எடுத்துக்கொண்டு அவற்றைத் தேட வேண்டும். இரண்டு எஃகுக் கிண்ணங்களை வாயோடு வாய் கவிழ்த்து, நடுவில் தோசைக்கல் அளவு வேண்டாம், உள்ளங்கையை விரித்தால் எவ்வளவோ அவ்வளவு அகலமுள்ள நுரைப்பஞ்சு வட்டம் ஒன்றை வைத்து, ஆறு வாரம் வெளியே தொங்கவிட வேண்டும். காற்றில் இருப்பதைப் பஞ்சு பிடித்து வைத்துக்கொள்ளும். அதன் கீழேயே ஒரு கரண்டி மண்ணும் எடுக்க வேண்டும். எங்கள் தெருவில் ஏழு வீடுகள். ஏழு கேட் தூண்களிலும் ஏழு கிண்ண ஜோடிகள். எட்டாவது பஞ்சுதான் பிளாங்க். அதைத் தெருவுக்கு எடுத்துப்போய், உறையைத் திறந்து, உடனே மூடி, திரும்பக் கொண்டுவந்துவிட வேண்டும். மற்ற ஏழும் பட்ட பாட்டையெல்லாம் அதுவும் படும், தொங்குவதைத் தவிர. அதில் எதுவும் இருக்கக்கூடாது. இருந்தால், தெருவில் உள்ள அழுக்கு இல்லை, என் கையில் உள்ள அழுக்கு என்று அர்த்தம்.

"பிளாங்க் கெட்டா எல்லாம் கெட்டது" என்றார் மேடம். "அடுத்த வெள்ளிக்கு அடுத்த வெள்ளி வெளித்தேர்வாளர் வர்றார். இது ஏன் இப்படி ஆச்சுன்னு ஆதாரத்தோட காரணம் சொன்னீங்கன்னா அறிக்கை நிக்கும். 'தெரியவில்லை'ன்னு எழுதினீங்கன்னா மொத்தத்தையும் தூக்கிப் போட்டுட்டு அடுத்த வருஷம் வாங்க. பரிசோதனைக் கருவியில உங்களுக்கு இன்னும் ரெண்டே ரெண்டு ஓட்டம், அதாவது ரெண்டே ரெண்டு சாம்பிள் தர்றேன். யோசிச்சு செலவு பண்ணுங்க."

போன வருஷமும் எனக்கு அடுத்த வருஷம்தான் சொன்னார்கள். அப்போது சீட்டுகளைத் தண்ணீரில் கரையும் மையால் எழுதியிருந்தேன். குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்ததும் பன்னிரண்டு புட்டிகளிலும் நீல நிறக் கண்ணீர்.

பகலில் நான் ஒரு மண் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். பதவியின் பெயர் கண்ணாடிப் பொருள் பராமரிப்பு. அதாவது குழாயடி. மூன்று வருஷமாகக் குடுவை கழுவுகிறேன். கருவி அறையில் ஒரு நாற்காலி காலியாகியிருக்கிறது. சான்றிதழ் இந்த வருஷம் வந்தால் அது உனக்கு, இல்லையென்றால் வெளியாளுக்கு என்று மேலாளர் சொல்லிவிட்டார். அந்த நாற்காலிக்குச் சக்கரம் உண்டு. யாரும் இல்லாதபோது இரண்டு தடவை உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

*

தப்பு என்னுடையதாகத்தான் இருக்கும் என்று நான் எடுத்துக்கொண்டேன். எதிலும் அப்படி எடுத்துக்கொண்டால் பாதி வேலை மிச்சம். அன்று மாலையே குறிப்பேட்டில் ஒரு சந்தேகப் பட்டியல் போட்டேன். பெரியம்மாவின் கை கிரீம், என் மழைக்கோட்டு, பையின் உள் துணி, சாப்பாட்டு டப்பாவின் ரப்பர் வளையம் என்று இருபத்து மூன்று வந்தது. இருபத்து நான்காவதாக "நான்" என்று எழுதி, அடித்துவிட்டு, மறுபடி எழுதினேன்.

போதாததற்கு முடிவுகளே கோணலாக இருந்தன. தெருக்கோடியில் மூடிக்கிடக்கும் டிரான்ஸ்ஃபார்மர் பழுதுபார்க்கும் ஷெட் இருக்கிறது. அங்கிருந்துதான் எல்லாம் வருகிறது என்று நான் அறிக்கையின் முதல் பக்கத்தையே எழுதி முடித்திருந்தேன். ஷெட்டை ஒட்டிய முதல் வீட்டில் நிறைய இருக்கும், போகப் போகக் குறையும். படம்கூட வரைந்தாகிவிட்டது, அழகாக இறங்கும் ஒரு கோடு. வந்த முடிவோ அந்தக் கோட்டை மதிக்கவே இல்லை. ஏறக்குறைய எல்லா வீட்டு வாசலிலும் எண்ணெய் நச்சு ஒரே அளவில் இருந்தது. நடுவில் நாலாவது வீட்டில் மட்டும் உச்சத்துக்குப் போனது. அது நாங்கள் இருக்கும் வீடு. அதற்கு அடுத்த ஐந்தாவது வீட்டில் ஒன்றுமே இல்லை. மண்ணிலும் இல்லை, பஞ்சிலும் இல்லை.

"காத்து ஒரு வீட்டை மட்டும் தாண்டிக் குதிச்சுப் போகுமா?" என்று மேடம் ஓரத்தில் எழுதி, கீழே இரண்டு கோடு போட்டிருந்தார்.

எட்டுப் பஞ்சுகளும் வேறெங்கே போயின என்று யோசித்தேன். வகுப்பின் குளிர்ப்பெட்டி பழுதாகிப்போனதால் ஐந்து நாள் எங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் இருந்தன. அலுமினியத் தாளில் சுற்றி, கண்ணாடி ஜாடிக்குள் போட்டு, ஏழு ஜாடியிலும் அழியாத மையால் "ஆபத்து. தொடாதே" என்று எழுதியிருந்தேன். ஆகவே விசாரணை அங்கிருந்து தொடங்கியது.

"பெரியம்மா, ஃபிரிட்ஜுல இருந்த என் ஜாடியைத் தொட்டீங்களா?"

"நான் ஏன்டி அதைத் தொடப் போறேன்? தயிர் வைக்க இடமில்லாம அஞ்சு நாள் தவிச்சேன். அப்பகூடத் தொடல."

"உங்க கை கிரீம் எந்த கம்பெனி?"

"எதுக்கு?"

"சும்மா."

"சும்மாவா? கையில நோட்டு, காதுல பேனா. போலீஸ்காரி மாதிரி வந்து நின்னுட்டு சும்மாவாம்."

பெரியப்பா, அதாவது என் அப்பாவின் அண்ணன், கூடத்தில் காலை நீட்டி உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். அவர் அந்த ஷெட்டில் முப்பது வருஷம் கம்பிச்சுருள் சுற்றியவர். ஷெட்டை மூடிய பிறகு அவருக்கு மிச்சமிருப்பவை இரண்டு முழங்கால் வலியும் தெரு முழுக்க நல்ல பெயரும். எனக்கு இருபத்து நான்கு வயது. அவருக்கு இன்னும் பாப்பாதான்.

"பெரியப்பா, நீங்க தொட்டீங்களா?"

"எதை?"

"ஃபிரிட்ஜுல இருந்ததை."

"ஃபிரிட்ஜெல்லாம் உங்க பெரியம்மா இலாகா, பாப்பா. நான் பாட்டுக்கு இருக்கேன்." செய்தித்தாள் இன்னும் கொஞ்சம் மேலே ஏறி முகத்தை முழுக்க மறைத்தது. திருமண விளம்பரப் பக்கத்தை அவர் அவ்வளவு ஊன்றிப் படித்து நான் பார்த்ததில்லை. அதைக் குறித்துக்கொண்டேன். ஆனால் அதற்கு அர்த்தம் என்ன என்று எனக்குத் தோன்றவில்லை. குறித்துக்கொள்வதில் எனக்குக் குறையே கிடையாது.

*

ஞாயிற்றுக்கிழமை காலை வரைபடத்தை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினேன். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, கேட்டைத் திறந்து மூடி, மண் எடுத்த இடத்தைச் சரிபார்த்தேன். முதல் வீடு, இரண்டாம் வீடு, மூன்றாம் வீடு. ஒரு சத்தமும் இல்லை. எங்கள் கேட் பூனை நடப்பதுபோல் திறக்கும். அடுத்தது ஐந்தாவது வீடு, தையல்காரர் வீடு. கேட்டைத் தள்ளினேன்.

அது போட்ட கூச்சலில் மரத்திலிருந்த காக்கைகள் எழுந்து பறந்தன. மூடியபோது மறுபடி ஒரு கூச்சல்.

தையல்காரர் கழுத்தில் அளவு நாடாவோடு வெளியே வந்தார். "யாரு? ஓ, மண்ணு டாக்டரா. என் வீட்டு ரிசல்ட் என்னாச்சு?"

"உங்க வீட்டுல ஒண்ணுமே இல்லைங்க. தெருவுலயே நீங்க ஒருத்தர்தான் சுத்தம்."

"அதை எழுதிக் குடு. சட்டம் போட்டு மாட்டறேன்."

"அண்ணே, உங்க கேட் மட்டும் ஏன் இப்படிக் கத்துது?"

அவர் முகம் மாறியது. "உங்க பெரியப்பாவைப் போய்க் கேளு. ஊர்ல இருக்கிற எல்லாக் கீலுக்கும் எண்ணெய் விடுவாரு. என் கேட்டைக் கண்டா மட்டும் கண்ணு தெரியாது. பதினோரு வருஷத்துக்கு முன்னாடி அவர்கிட்ட ஒரு ஏணி இரவல் வாங்கினேன். திருப்பிக் குடுக்கும்போது நாலாவது படி இல்ல. வாங்கும்போதே அது இல்லம்மா! நான் என்ன படியை வச்சு சட்டையா தைக்கப் போறேன்?"

அவர் இன்னும் ஏதோ சொன்னார். படியைப் பற்றித்தான் இருக்க வேண்டும். நான் கேட்கவில்லை. கையிலிருந்த வரைபடத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு ஆறாவது வீட்டுக்கு ஓடினேன். கேட்டைத் திறந்தேன். சத்தமில்லை. ஏழாவது வீடு. சத்தமில்லை. சத்தமில்லாத கேட்டுகளின் கீழெல்லாம் நச்சு. கத்துகிற கேட்டின் கீழ் ஒன்றுமில்லை. காற்று குதித்துப் போகவில்லை. பெரியப்பாவின் கோபம்தான் ஒரு வீட்டைத் தாண்டிப் போயிருக்கிறது.

தற்செயலாகவும் இருக்கலாம் என்று குறிப்பேட்டில் எழுதினேன். எழுதியவுடனேயே அது எனக்கே வெட்கமாக இருந்தது.

*

மாடிப்படிக்குக் கீழே பெரியப்பாவின் இடம் இருக்கிறது. திருகாணிகள், கம்பித் துண்டுகள், நாலாவது படி இல்லாத ஏணி. அதன் பின்னால் பச்சை நிறத்தில் ஒரு பெரிய தகர டின். நான் போனபோது அவர் ஒரு முக்காலியில் உட்கார்ந்து கால்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டி வைத்திருந்தார். முழங்கால் பளபளவென்று மின்னியது.

"பெரியப்பா, அந்த டின்னுல என்ன இருக்கு?"

"வா பாப்பா, உட்காரு. இது சாதாரண எண்ணெய் இல்ல. ஷெட்டை மூடறப்ப பெரிய டிரான்ஸ்ஃபார்மர்லேர்ந்து இறக்கினது. கீழ கொட்டப் பார்த்தானுங்க. நான் விடுவேனா? எத்தனை வருஷமாச்சு! கெட்டுப்போச்சா? நாத்தம் வந்துச்சா? வராது. மழையில கரையாது, வெயில்ல காயாது. ஒரு தடவை கீல்ல விட்டா விட்டதுதான், அங்கயே இருக்கும்."

மேடத்தின் பாடத்தை அவர் வரி பிசகாமல் ஒப்பித்துக்கொண்டிருந்தார். வித்தியாசம் ஒன்றுதான், அவர் பெருமையாகச் சொன்னார்.

"அதை முழங்காலுக்கா தடவறீங்க?"

"வாரம் ஒரு தடவை. ஷெட்டுல எல்லாருமே தடவுவோம். உங்க பெரியம்மா அதுக்குன்னு வச்சிருந்த துணியைத் தூக்கிப் போட்டுட்டா, அதான் போன மாசம்…"

நிறுத்திவிட்டார். கண் சுவரிலிருந்த பல்லியின்மேல் போனது.

"போன மாசம் என்ன பெரியப்பா?"

"உன் ஜாடியில ஒண்ணு மெத்துனு இருந்துச்சு."

"எது?"

"மேல இருந்தது. மத்ததுல எல்லாம் ஆபத்துன்னு எழுதி வச்சிருந்தே, நான் தொடல. எனக்குத் தெரியாதா? அது ஒண்ணுலதான் 'சுத்தமானது'ன்னு எழுதியிருந்துச்சு. உடம்புல தடவறதுக்கு சுத்தமானதைத்தானே எடுக்கணும்?"

தர்க்கம் கச்சிதமாக இருந்தது. ஏழு ஜாடியில் தொடாதே என்று எழுதியவள், எட்டாவதைத் தொடுங்கள் என்று அழைப்பு வைத்திருக்கிறேன்.

"தடவிட்டு என்ன பண்ணினீங்க?"

"அப்படியே போட்டுட்டுப் போறவனா நான்? நல்லாப் பிழிஞ்சு, அந்தத் தாள்ல எங்கெங்க மடிப்பு இருந்துச்சோ அங்கங்க மடிச்சு, பழையபடி உள்ள வச்சேன். நீ கண்டுபிடிக்கவே இல்லையே!"

கண்டுபிடிக்கவில்லை. மடிப்புகள் என்னுடையதைவிட நேராக இருந்ததாக அன்றே குறித்து வைத்திருந்தேன். நன்றாகச் சுற்றியிருக்கிறோமே என்று என்னை நானே மெச்சிக்கொண்டும் இருந்தேன்.

முதல் காரியமாக டின்னை மூடச் சொன்னேன். முழங்காலைச் சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவச் சொன்னேன். பிறகு அந்த எண்ணெயில் என்ன இருக்கக்கூடும், அது உடம்புக்குள் போனால் எத்தனை வருஷம் தங்கும் என்றெல்லாம் சொன்னேன். அவர் சுருட்டிய கால்சட்டையை மெல்ல இறக்கிவிட்டுக்கொண்டார். அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

"இதையெல்லாம் உன் ரிப்போர்ட்டுல எழுதணுமா?"

"எழுதினாதான் பாஸ் பெரியப்பா."

"பேரோடயா?"

நான் குறிப்பேட்டை மூடினேன்.

"ஷெட்டை மூடின பிறகு என்னை யாரு தேடி வர்றா? கேட் கத்துதுன்னுதான் வர்றாங்க. எண்ணெய் விட்டுட்டு அப்படியே பத்து நிமிஷம் உட்கார்ந்து பேசிட்டு வருவேன். இனிமே பார்க்கிறவங்கெல்லாம், வாசல்ல விஷம் ஊத்தினவன் போறான்னு சொல்லுவாங்க இல்ல?" டின்னின் மூடியை இறுக்கினார், ஏற்கெனவே இறுகியிருந்ததை. "எழுதிக்கோ. உனக்கு அந்தச் சக்கர நாற்காலி வேணும்ல."

"அது சக்கர நாற்காலி இல்ல பெரியப்பா, சக்கரம் வச்ச நாற்காலி."

"எனக்கு எல்லாம் ஒண்ணுதான், இந்த முட்டியோட."

*

இரண்டு ஓட்டங்களில் ஒன்றை எண்ணெய்க்குக் கொடுத்தேன். மூன்று மூடி போட்ட சின்னப் புட்டியில் கொண்டுபோனேன். மேடம் அதைக் கையில் வாங்காமல் தூரத்திலிருந்தே பார்த்தார். ஒரு லட்சம் மடங்கு நீர்க்கச் செய்த பிறகே கருவியின் பக்கம் விட்டார். தாளில் கூம்பு கூம்பாகக் கோடு எழும்பியது. அதை எங்கள் வீட்டு மண்ணின் தாளுக்கும் பிளாங்க்கின் தாளுக்கும் மேல் வைத்து விளக்குக்கு நேரே பிடித்தார். மூன்றும் ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்தன. ஒரு கூம்புகூடப் பிசகவில்லை.

"கிடைச்சாச்சு" என்றார் மேடம். "இன்னொரு ஓட்டம் மிச்சம் இருக்கு. எதைப் போடலாம்?"

"கை கிரீம் மேடம்."

"ஏன்?"

"பட்டியல்ல முதல்ல இருக்கு. அதை விட்டுட்டா எனக்கு மனசு ஆறாது."

கை கிரீமில் ஒன்றும் இல்லை. வீட்டுக்கு வந்து பெரியம்மாவிடம் சொன்னேன். "ரெண்டு வாரமா என் கையையே முறைச்சுப் பார்த்துட்டு இருந்தே. நான் விடுதலையா? இனி தயிரை எடுத்து உள்ள வைக்கலாமா?" என்றாள்.

அறிக்கையை இரண்டு விதமாக எழுதினேன். ஒன்றில் எல்லாம் இருந்தது. மற்றதில் "குடும்ப உறுப்பினர் ஒருவர் கவனக்குறைவாக" என்று இருந்தது. கவனக்குறைவு என்பதைப் பிறகு அடித்தேன். அவ்வளவு கவனமாக யாரும் ஒரு பஞ்சைக் கெடுத்திருக்க முடியாது. பெரியப்பா மூன்று நாளாகத் தெருப்பக்கமே போகவில்லை. வெள்ளிக்கிழமை மாலை, இரண்டாவது அறிக்கையைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். டின்னைப் பற்றி மாநகராட்சிக்கு எழுதிய கடிதமும் அதே பையில் இருந்தது. அதில் எங்கள் முகவரி மட்டும்தான். முகவரி இருந்தால் பெயர் வெளிவர எத்தனை நேரமாகும் என்பதை நான் யோசிக்காமல் இல்லை.

வகுப்பு மூன்றாவது மாடியில். லிஃப்ட் கிடையாது. வெளித்தேர்வாளர் கனத்த மனிதர். ஒவ்வொரு படிக்கும் ஒரு "அம்மா" சொல்லிக்கொண்டு ஏறி வந்து, நாற்காலியில் சரிந்து, வலது முழங்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பெயின்ட் கடைக்காரருக்கு நான்கு நிமிஷம். என் முறை வந்ததும் ஒரு பக்கத்திலேயே கண்ணை நிறுத்திவிட்டார்.

"குடும்ப உறுப்பினர் ஒருவர். யாரு?"

"வீட்டுல இருக்கிறவர் சார்."

"வீட்டுல இருக்கிறவர்தான் குடும்ப உறுப்பினர். யாரு, எப்ப, எதுக்காகத் தொட்டார், எவ்வளவு எண்ணெய்? அதே எண்ணெய்தான் வாசல்லயும் இருக்குன்னா அங்க ஊத்தினது யாரு? இதுக்கெல்லாம் பதில் இல்லாம நான் எப்படிம்மா நம்புறது? பிளாங்க் கெட்டுப்போனதும் வீட்டுல போய் ஒரு எண்ணெயை எடுத்துட்டு வந்து பொருத்திட்டீங்கன்னு நான் சொன்னா?"

மேடம் என்னைப் பார்த்தார். முதல் அறிக்கை வீட்டில் மேசைமேல் இருந்தது. ஒரு பெயர் சொன்னால் போதும். அந்த நாற்காலி சக்கரத்தோடு உருண்டு போவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தெரி…" என்று ஆரம்பித்தேன்.

"தெரியும் சார்!" என்று வாசலில் ஒரு குரல்.

பெரியப்பா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். இஸ்திரி போட்ட சட்டை. கக்கத்தில் கயிறு கட்டிய ஒரு காகிதக் கட்டு. மூன்று மாடியை அந்த முழங்கால்களோடு ஏறியிருக்கிறார்.

"நான்தான் சார் அந்த உறுப்பினர். என் பேரு போட்ட அறிக்கையை மேசைமேலயே விட்டுட்டு வந்துட்டா. இவ சொல்ல மாட்டா, அதான் நானே வந்தேன். பஞ்சுல தடவினது நான். கேட்டுல ஊத்தினதும் நான். இதோ இந்த முட்டி!" என்று சொல்லி, யாரும் கேட்காமலே கால்சட்டையைச் சுருட்டிக் காலைத் தூக்கி முதல் பெஞ்சின்மேல் வைத்தார். வகுப்பு முழுக்க எழுந்து நின்று பார்த்தது.

"எவ்வளவு ஊத்தினீங்கன்னு ஞாபகம் இருக்கா?" என்றார் தேர்வாளர்.

"ஞாபகம் எதுக்கு சார்?" பெரியப்பா கயிற்றை அவிழ்த்தார். உள்ளே நாள்காட்டிகள், வருஷ வாரியாக. ஒவ்வொரு மாதத் தாளிலும் சின்னச் சின்னச் சொட்டுப் படங்கள், ஒவ்வொரு சொட்டுக்குள்ளும் வீட்டு எண். "கீலுக்கு ஆறு சொட்டு. கேட்டுக்கு ரெண்டு கீல். மூணு மாசத்துக்கு ஒரு தடவை. எங்க வீட்டுக்கு மட்டும் வாராவாரம், நம்ம வீடாச்சே. அஞ்சாம் நம்பருக்குக் கிடையாது. அது வேற விஷயம்."

மேடம் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "எந்தத் தேதிக்கு, எந்த இடத்துல, எத்தனை சொட்டு… இவ்வளவையும் எழுதி வச்சிருக்கீங்களா? இது மாதிரி ஒரு பதிவு எங்களுக்கு எங்க கிடைக்கும்!"

"எழுதாம எப்படி மேடம்? விட்டோமா இல்லையான்னு அப்புறம் சந்தேகம் வந்துடும்ல."

எதையும் எழுதி எழுதிச் சரிபார்க்கும் இந்தப் பழக்கம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று இத்தனை நாள் அம்மா வழியில் தேடிக்கொண்டிருந்தேன்.

தேர்வாளர் நாள்காட்டிகளையும் என் எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார். சொட்டு அதிகமுள்ள வீட்டில் நச்சும் அதிகம். சொட்டே இல்லாத வீட்டில் இல்லை. பேனாவை மூடினார். பிறகு குரலைத் தணித்து, பெரியப்பாவின் பக்கம் சாய்ந்தார்.

"ஒண்ணு கேக்கணும். அதைத் தடவினா வலி குறையுதா?"

"சார்!" என்றார் மேடம்.

"அறிவியல் ஆர்வத்துல கேட்டேன் மேடம்."

*

நான் தேறிவிட்டேன். "நல்ல அறிக்கை. ஜாடிகளுக்குப் பெயரிடுவதில் கவனம் தேவை" என்று கீழே எழுதியிருந்தார்கள்.

பத்து நாளில் மாநகராட்சியிலிருந்து நால்வர் தலையிலிருந்து கால்வரை வெள்ளை உடுப்போடு வந்து பச்சை டின்னைப் பீப்பாய்க்குள் வைத்துத் தூக்கிப் போனார்கள். ஷெட்டுக்குப் புதுப் பூட்டும் எச்சரிக்கைப் பலகையும் வந்தன. கேட் கீல்களைக் கழற்றிக்கொண்டு புதியவை மாட்டினார்கள். ஆறு வாசல்களிலும் மேல்மண்ணைத் தோண்டி எடுத்து வேறு மண் போட்டார்கள். பெரியப்பா அத்தனை வீட்டுக்கும் முன்கூட்டியே போய்த் தானே விஷயத்தைச் சொல்லிவிட்டு வந்தார். இரண்டாவது வீட்டு அக்கா ஒரு வாரம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மற்றவர்கள் அவரை உட்கார வைத்து, பத்து நிமிஷத்துக்கு மேலேயே பேசினார்கள். தோண்டியவர்களோடு நின்று, "இன்னும் ரெண்டு விரக்கடை ஆழமா எடுங்க தம்பி, அந்த ஓரத்துல ஒரு தடவை கை தவறி நிறைய ஊத்திட்டேன்" என்று வழிகாட்டியதும் அவர்தான்.

டாக்டர் இரத்தம் எடுத்தார். அளவு கூடுதல்தான், இனிமேல் ஏறாமல் பார்த்துக்கொள்ளலாம், வருஷத்துக்கு ஒருமுறை வரவேண்டும் என்றார். எண்ணெய் வலிக்கு ஒன்றும் செய்திருக்காது, தேய்த்ததுதான் சுகமாக இருந்திருக்கும் என்றும் சொன்னார். இப்போது பெரியப்பா வெறுங்கையால் தேய்த்துக்கொள்கிறார். எண்ணெய் இல்லாமல் பார்க்க ரொம்பப் பரிதாபமாக இருக்கிறது.

வருத்தப்பட்டவர் தையல்காரர் ஒருவர்தான். "எல்லாருக்கும் புதுக் கீலு, புது மண்ணு. எனக்கு மட்டும் ஒண்ணும் இல்ல. சுத்தமா இருந்தது தப்பா?" என்று வெள்ளை உடுப்புக்காரர்களிடமே சண்டைக்குப் போனார்.

நேற்று நான் கருவி அறையில் உட்கார்ந்தேன். நாற்காலியை ஒரு சுற்று சுற்றினேன், யாரும் பார்க்காதபோது. மதியம் பெரியப்பா வந்து ஒரு சின்னப் புட்டியை மேசைமேல் வைத்தார். கடையில் புதிதாக வாங்கிய தையல் மெஷின் எண்ணெய்.

"மேலாளர்கிட்ட அனுமதி வாங்கிட்டுதான் வந்தேன். ரெண்டு சொட்டு ஓட்டிப் பாரு பாப்பா. ஒண்ணும் இல்லேன்னா சாயங்காலம் அஞ்சாம் நம்பருக்குப் போகணும்."

"ஏணி விஷயம் தீர்ந்துச்சா?"

"அது எப்படித் தீரும்? படி அவன்கிட்டதான் இருக்கு. ஆனா அந்தக் கேட் சத்தம் இப்ப தெருவுல தனியாக் கேக்குது. என்னால முடியல."

புட்டியைத் திருப்பிப் பார்த்தேன். அழியாத மையில், மடிப்புப்போல நேரான எழுத்தில் ஒரு சீட்டு: "சுத்தமானது என்று நினைக்கிறேன். சோதிக்கும்வரை தொடாதே."

ஒரு பிளாங்க்கையும் எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கருவியை ஓடவிட்டேன்.